தன்னிலையும் ஆளும்

'சப்ஜெக்ட்' என்பதைத் தமிழில் 'தன்னிலை' என்று எழுதிப் பழகிவிட்டோம். நானும் எழுதியிருக்கிறேன். இப்போது உறுத்துகிறது.

லத்தீன் வேரில் அதற்குக் கீழே எறியப்பட்டது என்று பொருள். மன்னனுக்குக் கீழ்ப்பட்ட பிரஜை சப்ஜெக்ட். 1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம்கூட அந்தச் சொல்லை விடவில்லை. பள்ளிக்கூடப் பாடம், பேச்சின் பொருள், வாக்கியத்தின் எழுவாய், சிந்திக்கும் 'நான்' எல்லாம் அதே சொல்தான். (ஆங்கில இலக்கணத்தில் கீழே கிடப்பது நம் இலக்கணத்தில் எழுகிறது, வேடிக்கைதான்.)

1970இல் வெளிவந்த கருத்தியல் பற்றிய கட்டுரையில் அல்தூஸர் பிடித்துக்கொண்டது இந்த இரட்டைத்தன்மையை. பிரெஞ்சுச் சொல்லுக்கும் அது உண்டு. தெருவில் போலீஸ்காரன் கூப்பிடுகிறான். திரும்புகிறவன் அந்தக் கணத்தில் சப்ஜெக்ட் ஆகிறான். 'டேய், இங்க வாடா' என்றால் திரும்பாதவர் நம்மில் யார்? அவன் 'தன்னிலை அடைந்தான்' என்று எழுதினால் ஏதோ ஞானம் பெற்றதுபோல் இருக்கிறது. கூப்பிட்டவன் காணாமல் போய்விடுகிறான். 'தலித் தன்னிலை', 'பெண் தன்னிலை' என்னும்போதும் இதே கதிதான்.

பேச்சில் 'ஆளு' இருக்கிறது. கொச்சை என்பார்கள், இருக்கட்டும். பண்ணையாளும் ஆள்தான், ஆள்வதும் அதே ஒலிதான். சித்திரவதைக்கு ஆளாகிறோம். 'எம்புள்ள ஆளாயிட்டான்' என்று தாய் பெருமைப்படுகிறாள். 'பொண்ணு ஆளாயிட்டா' என்றாலோ, அன்றைக்கே அவளுக்கு ஒரு மூலையும் தனித் தட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள்.