நல்லதை மட்டும் கேட்டால் போதுமா? அதிகாரிகளுக்கான பங்கேற்பு மதிப்பீட்டுப் பயிற்சி பற்றி ஒரு குறிப்பு

அரசு அதிகாரிகளுக்குக் கண்காணிப்பும் மதிப்பீடும் சொல்லித்தரும் பயிற்சிகளில் 'பலம் சார்ந்த அணுகுமுறை' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. ஊரில் என்ன இல்லை, எது கெட்டுப்போச்சு என்று பட்டியல் போடாதீர்கள். என்ன இருக்கிறது, எது நன்றாக நடந்தது, ஏன் நடந்தது என்று மக்களிடம் கேளுங்கள். பாடம் சுருக்கமாக இவ்வளவுதான். கேட்க நல்லாத்தான் இருக்கு. இதில் பாதியை நான் ஏற்கிறேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் வேர்கள். 1987-இல் டேவிட் கூப்பர்ரைடரும் சுரேஷ் ஸ்ரீவஸ்த்வாவும் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்திலிருந்து 'பாராட்டும் விசாரணை' என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஒரு நிறுவனம் எதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறதோ, அந்தத் திசையில்தான் அது நகரும் என்பது இதன் அடிப்படை. இன்னொரு வேர் ராபர்ட் சேம்பர்ஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பங்கேற்புக் கிராம ஆய்வு. கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போடுவது, வரையும் குச்சியை அதிகாரி தன் கையில் வைத்துக்கொள்ளாமல் ஊர்க்காரரிடம் கொடுப்பது எல்லாம் இதிலிருந்து வந்தவை. இந்தியாவில் இது வளர்ந்ததில் மைராடா போன்ற அமைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாராட்டும் விசாரணையைத் தென்னிந்தியக் கிராமங்களில் சோதித்துப் பார்த்ததும் மைராடாதான்.

எந்தப் பாதி சரி?

நம் அலுவலகங்களில் கண்காணிப்பு என்றால் ரெவ்யூ மீட்டிங். கலெக்டர் "ஏன் இன்னும் முடிக்கல?" என்று பி.டி.ஓ.வைக் கேட்பார். பி.டி.ஓ. அதே கேள்வியை ஊராட்சிச் செயலரிடம் கேட்பார். பதில் சரியில்லை என்றால் மெமோ. இந்தச் சங்கிலியில் இருப்பவர் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் ஒரே விஷயம், எண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்வது. கழிப்பறை கட்டியாச்சா? ஆச்சு. அதில் விறகு அடுக்கி வைத்திருப்பதைப் படிவம் கேட்பதில்லை.

பலத்தைப் பற்றிய கேள்வி இந்தப் பழக்கத்தை உடைக்கிறது. "இந்த ஊர்ல மட்டும் எப்படி ரெண்டு வருஷமா பைப் உடையாம இருக்கு? யார் பார்த்துக்கறாங்க?" என்று கேட்டால், படிவத்தில் கட்டமே இல்லாத ஒரு பதில் வரும். அதிகாரியும் போலீஸ்காரர் மாதிரி வராமல் தெரிந்துகொள்ள வந்தவராக உட்கார முடிகிறது. இது சின்ன விஷயம் இல்லை.

எங்கே இடிக்கிறது?

கேட்பவர் யார் என்பதில். ஆலோசகர் கேட்பதும் அதிகாரி கேட்பதும் ஒன்றல்ல. முதியோர் பென்ஷன், வீட்டுத் திட்டம், பட்டா என ஏதோ ஒன்று அந்த அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. அவர் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே "உங்க ஊர்ல எது நல்லா நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணும் நடக்கல சார்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இதை டேவிட் மோஸ் 1990-களிலேயே காட்டிவிட்டார். குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேச எல்லையில் பில் பழங்குடி ஊர்களில் நடந்த ஒரு விவசாயத் திட்டத்தில் வேலை செய்தவர் அவர். பங்கேற்பு ஆய்வு எல்லார் முன்னும் நடக்கிற பொது நிகழ்ச்சி. அதில் செல்வாக்குள்ளவர் சொல்வது ஊரின் குரலாகிறது, பெண்கள் ஓரமாகிறார்கள், திட்டம் எதைக் கொடுக்கும் என்று தெரிகிறதோ அதுவே 'மக்களின் தேவை'யாகப் பதிவாகிறது என்றார். நல்லதை மட்டும் கேட்கும் கேள்வியைச் சேர்த்தால் இந்த அழுத்தம் கூடத்தான் செய்யும்.

இன்னொன்று, 'பலம்' என்ற சொல் அரசைத் தப்பிக்க விடுகிறது. "ஊர் மக்களே சேர்ந்து வாய்க்காலைத் தூர் வாரினார்கள்" என்பது அழகான வெற்றிக் கதை. அதற்கென்று ஒதுக்கிய பணம் எங்கே போச்சு என்ற கேள்வி அந்தக் கதைக்குள் வராது.

பட்டியலில் இல்லாத பலம்

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் எம்.கே.எஸ்.எஸ். தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் பில்லும் மஸ்டர் ரோலும் ஊர் முன்னால் வாசிக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்களுக்கு யார் எந்த வேலைக்கு வந்தார்கள், யார் வரவே இல்லை, எது கட்டாமலே கட்டியதாக எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரிந்திருந்தது. இந்த ஞாபகம்தான் மதிப்பீட்டுக்கு வேண்டிய முதல் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பயிற்சிகளின் சார்ட் பேப்பரில் சுயஉதவிக் குழு, பாரம்பரிய அறிவு, இளைஞர் மன்றம் எல்லாம் வரும். கணக்கைச் சரிபார்க்கும் திறமை வராது.

அந்த வழியில் வந்ததுதான் 2005 வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை அதிகாரத்தைத் தந்தது. ஒன்றுபட்ட ஆந்திரா இதற்காக 2009-இல் தனிச் சங்கமே அமைத்தது. அதுவும் குறையில்லாதது அல்ல. தணிக்கையில் கண்டுபிடித்த பணத்தில் திரும்ப வசூலானது சிறு பங்குதான். அதிகாரிகள் இதை ரெய்டு மாதிரிப் பார்த்து, கற்றுக்கொள்வதை விட்டுத் தற்காப்பில் இறங்குவதும் உண்டு. அங்கேதான் பலம் சார்ந்த கேள்விக்கு உண்மையான வேலை இருக்கிறது. பிரச்சினை வரிசைதான்: கணக்கு முதலில், பாராட்டு பிறகு.

என்ன மாற்றலாம்?

ஒன்று, கள நாளில் அதிகாரி கேள்வி கேட்கும் முன் அந்த ஊருக்கான தன் ஆபீஸ் கோப்பைச் சத்தமாக வாசிக்கட்டும். எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு, யார் பெயரில் என்று ஊர் கேட்கட்டும். அதன் பிறகு "எது நல்லா நடந்துச்சு?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மை வரும்.

இரண்டு, கதை சேகரித்தால் தேர்வையும் மக்களிடம் கொடுக்க வேண்டும். ரிக் டேவிஸ் வங்கதேசத்தில் உருவாக்கிய 'மிக முக்கியமான மாற்றம்' முறையில், எந்தக் கதையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதிவைப்பதும், கதையைச் சரிபார்ப்பதும், முடிவைக் கதை சொன்னவர்களுக்குத் திரும்பச் சொல்வதும் முறையின் பகுதிகள். கதையை மட்டும் எடுத்துக்கொண்டு இதையெல்லாம் விட்டால், மிஞ்சுவது விளம்பரக் கையேடு. மோசமான மாற்றத்துக்கும் ஒரு கதை கட்டாயம் இருக்கட்டும்.

மூன்று, பயிற்சியை மேலிருந்து தொடங்க வேண்டும். கீழே உள்ளவர் "இந்த வேலை நடக்கல சார், காரணம் இது" என்று சொன்னால் மெமோ வராது என்ற உறுதியை ரெவ்யூ மீட்டிங் நடத்துபவர்தான் தர முடியும். அந்த உறுதி இல்லாமல் பி.டி.ஓ.வுக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தாலும், திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் பழைய படிவம்தான். அடுத்த முறை இப்படி ஒரு பயிற்சியின் அழைப்பிதழைப் பார்த்தால், பங்கேற்பவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.