திருநாளைப்போவாரும் ‘நாளை’ என்னும் சொல்லும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றங்கரை ஊர்களிலே தோல் பதனிடுந் தொழில் பெருவழக்கினது. அதன்கண் உடலுழைத்து வருவோருட் பலர் ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்ட மரபினர். அப்பக்கத்துச் சைவ அன்பர்கள் திருநாளைப்போவார் புராணத்தை எங்கோ நிகழ்ந்த பழங்கதையாகக் கொண்டு கடந்து செல்லுதல் இயலாது. ஆதனூர் நந்தனார் செய்ததும் தோற்றொண்டேயன்றோ? சிவாலயங்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் அளித்து வந்தனர். அவர் தந்த தோல் திருக்கோயிலினுள்ளே முழங்கிற்று; அவரோ வாயிற்புறத்தே நின்றனர்.

இவ்வரலாற்றை இக்காலத்தார் பலரும் அறிந்தது கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை வாயிலாகவேயாம். அதிலே நிலவுடைய வேதியர் ஒருவர் நந்தனாரைத் தில்லைக்குப் போகவொட்டாது தடுக்கின்றனர். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய புராணத்தில் அத்தகைய ஆண்டை ஒருவரும் இலர். போகாதே என்பாரும் இலர். தடுப்பார் இன்றியும் அவர் நாள்தோறும் நாளை நாளை என்று தாழ்த்தது எற்றுக்கு? கீர்த்தனை இவ்வினாவை எழவொட்டாது மறைத்துவிட்டது. இதுவே அந்நூலின் குறை.

சேக்கிழார் காட்டும் முறையை நோக்குக. முதற்கண் நந்தனார் உள்ளே புகுதலை நினைத்திலர். புறநின்று தொண்டு செய்தலே அமையுமென்றிருந்தார். திருப்புன்கூரில் இறைவனை நேரே காண விழைந்தார். இடபதேவர் விலகக் கண்டு தொழுதார். பின்னர்த் தில்லை வேட்கை மிக்கு ஓரிரவு துயிலாதிருந்தார். விடிந்தபின், அங்குச் செல்லுதல் தம் குலத்தோடு இசையாது என எண்ணி, இதுவும் இறைவன் ஏவலே என்று ஒழிந்தார். வேட்கை மீண்டும் மீண்டும் எழ, நாட்கள் பல கழிந்தன. இறுதியில் தில்லையெல்லையை அடைந்தும், உட்புகாது இரவும் பகலும் வலம்வந்தே நின்றார்.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது, ஊரார் விதித்த விலக்கை ஒதுக்குண்டவரே இறைவன் ஏவலாகக் கொண்டமையாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபு. தலைமுறை தலைமுறையாக ‘நீ தகாய்’ என்னும் சொல்லையே சார்ந்த உயிர், அச்சொல்லைத் தன் அறிவாகவே கொள்ளும். பிறர் இட்ட தாழ் நாளடைவிற் கதவை விட்டு நெஞ்சிற் புகும். அதன்பின் காவலன் வேண்டா.

அஃது அடியார்க்குரிய பணிவன்றோ எனின், அன்று. பணிவு இறைவன் திருமுன்னர்த் தாழ்வது. இதுவோ அத்திருமுன் அணுகவும் அஞ்சுவது. இழிபிறவி தடையாயிற்றே என்று அவர் வருந்தித் துயின்றதாகவே சேக்கிழார் கூறுதலின், பணிவென்பார் கூற்றுப் பொருந்தாது. இறைவன் கனவிற்றோன்றி அழைத்தமையால், முன்னர் அவர் ஏவலெனக் கொண்டது ஏவலன்றென்பதும் பெறப்படும்.

எரிபுகுதல் யாது கருதி? அன்பிற்கு மாசில்லை, ஆதலின் அத்தீச் சுட்டது தாழ்வென்னும் நினைவையே எனலாம். ஆயின் அந்நினைவைப் பிறர்மேற் சுமத்தினோர் நெஞ்சம் வெந்ததோ என்னும் வினா இன்றும் எஞ்சி நிற்கின்றது.

1939-இல் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. 1947-இற் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் கதவைத் திறக்கும். ‘நாளை’ என்னும் தயக்கத்தை நெஞ்சினின்றும் அகற்றாது. வாயில் திறந்தும் அவர் வந்திலரே என்று குறைகூறுவோர், தில்லைவாழந்தணர் செய்ததை நினைவுகூர்க. இறைவன் பணித்தபோது அவர்கள் வாயிலின் உள்ளே காத்திருந்திலர். புறத்தே சென்று, நந்தனாரை மதிப்புடன் விளித்தனர். உள்ளிருப்போர் செய்யற்பாலது அதுவேயாம். அதனையும் நாளை என்று தாழ்த்தல் சைவர்க்கு அழகன்று.

திருச்சிற்றம்பலம்.