பட்டா யார் பெயரில்?

2019 ஏப்ரலில் ஒருநாள், வகுப்பு முடிந்து வெளியே வந்த என்னிடம் மாணவி ஒருத்தி செல்பேசியை நீட்டினாள். "மேம், உங்க வெப்சைட்ல ரம்மி ஆடக் கூப்பிடுறாங்க." பத்து வருடங்களாக என் கவிதைகளையும் வாசிப்புக் குறிப்புகளையும் போட்டுவந்த தளம் அது. என் பெயரோடு டாட் காம் சேர்ந்த அதே முகவரி. திறந்தால் சீட்டுக்கட்டும் போனஸ் தொகையும்.

நடந்தது இதுதான். 2009 ஜனவரியில் அந்த முகவரியைப் பதிந்தபோது என்னிடம் கிரெடிட் கார்டு இல்லை. கணவர் தன் கார்டில் பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினார். படிவத்தில் அவர் பெயர், அவர் தொலைபேசி எண், அவருடைய அலுவலக மின்னஞ்சல். இடையில் அவர் வேலை மாறினார். அந்த மின்னஞ்சல் செத்துப்போனது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் ஆளில்லாத வாசலில் விழுந்திருக்கின்றன. தளம் சில வாரங்களாகத் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சர்வர் கோளாறு, விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தவணை கடந்த டாட் காம் பெயருக்கு நாற்பத்தைந்து நாள்வரை சலுகை, அதன்பின் அபராதத்தோடு மீட்க முப்பது நாள், கடைசியாக ஐந்து நாள் காத்திருப்பு. பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்துவிட்டார்கள்.

கவிதைகள் அழியவில்லை என்பதுதான் வேடிக்கை. சர்வர் வாடகையை நான் என் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் பொருளெல்லாம் பத்திரமாக இருந்தது. வீட்டுக்கு வரும் தெரு மட்டும் வேறொருவருக்குப் போய்விட்டது.

சுதந்திர இணையம் பேசுகிறவர்கள் சொல்லும் 'சொந்த வீடு' என்ற உருவகத்தை அதற்குப் பிறகு என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. 2011இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் இண்டிவெப்கேம்ப் என்ற சந்திப்பைத் தொடங்கிய நால்வரில் ஆம்பர் கேஸ், கிறிஸ்டல் பீஸ்லி என்று இருவர் பெண்கள். எழுதுவதை முதலில் உன் முகவரியில் வெளியிடு, நகலை மற்ற இடங்களுக்கு அனுப்பு என்பது அந்த இயக்கத்தின் வழிமுறை. இதோடு எனக்குச் சண்டை இல்லை. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதில் நாங்கள் கவிதைபற்றி இரவெல்லாம் போட்ட சண்டைகளும் போயின. அடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அந்த வலி தெரியும்.

என் கேள்வி வேறு. 'உன் முகவரி' என்னும்போது அந்த 'உன்' யார்? கையில் கார்டு, பெயரில் வங்கிக் கணக்கு, யாரிடமும் கேட்காமல் செலவழிக்க ஒரு தொகை, ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து மென்பொருளைப் புதுப்பிக்கும் ஓய்வு. இத்தனையும் உள்ள ஆள்தான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். குடும்பம் என்ற அமைப்பு அங்கே கண்ணில் படுவதே இல்லை. சொந்தம் என்பதும் பாதி உண்மைதான். டாட் காம் பெயரை விலைக்கு வாங்க முடியாது. ஒரு சமயத்தில் அதிகபட்சம் பத்து வருடக் குத்தகை. குத்தகைச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். எழுதியவர் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நமக்கு இது புதிய கதையும் அல்ல. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. ஆனாலும் அண்ணன் தம்பி முகம் வாடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிற பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்தப் பத்திரத்துக்கு நம் பதிவு அலுவலகங்கள் வைத்திருக்கும் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. தமிழ் படித்தவளுக்கு இதைவிடக் கசப்பான சொல்லாட்சி கிடைக்காது.

வர்ஜீனியா வுல்ஃபின் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலை நாம் ஓயாமல் மேற்கோள் காட்டுகிறோம். தனி அறை, ஆண்டுக்கு 500 பவுன். 1929இல் வந்த அந்தப் புத்தகத்தை யார் அச்சிட்டார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். வுல்ஃபும் கணவர் லெனார்டும் 1917இல் ஒரு கைஅச்சு இயந்திரம் வாங்கித் தொடங்கிய ஹோகார்த் பிரஸ் வெளியிட்டது. எழுத்துக் கோக்கவும் புத்தகம் தைக்கவும் அவர் கற்றுக்கொண்டார். அதற்கு முன்? அவருடைய முதல் இரண்டு நாவல்களும் (1915, 1919) தாயின் முதல் மணத்தில் பிறந்த அண்ணன் ஜெரால்டு டக்வொர்த்தின் பதிப்பகத்தில் வந்தவை. சிறுமியாக இருந்தபோது தன் உடம்பைத் தொட்டவன் என்று பிற்காலத்தில் அவர் எழுதிவைத்த அதே ஜெரால்டு. கையெழுத்துப் பிரதியை அந்த மனிதனின் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு பெண் காத்திருந்ததை யோசித்துப் பாருங்கள். 1922 முதல் அவருடைய நாவல்கள் சொந்த அச்சகத்தில் வந்தன. அறையைப்பற்றிப் பேசும் நம் வகுப்பறைகள் இந்த இயந்திரத்தைப்பற்றியும் பேசவேண்டும். அதில் லெனார்டின் பெயரும் இருந்தது என்பதைச் சேர்த்தே பேசவேண்டும்.

படிவத்தில் கணவர் பெயர் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் பாதுகாப்பும் கிடைத்தது என்று ஒருகாலத்தில் நினைத்தேன். 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வரும்வரை, மறைப்பதற்கென்று தனியாகப் பணம் கட்டாவிட்டால், டாட் காம் பதிந்தவரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் யாரும் ஹூயிஸ் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். தனியாக வாழும் பெண் ஒருத்திக்குச் 'சொந்த வீடு' என்பதன் விலை, வீட்டு வாசலை ஊருக்கே காட்டிக்கொடுப்பது. இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களுக்கு அது உறுத்தவில்லை.

2012இல் மாதவிடாய்பற்றி ஒரு கவிதைத் தொடர் எழுதினேன். ஒருவர் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். அழைப்பு போனது என் கணவருக்கு. "உங்க வொய்ஃப் என்னத்த எழுதிட்டு இருக்காங்கன்னு தெரியுமா சார்?" மரியாதையாகத்தான் கேட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். என் எழுத்துக்கான புகார் என் காப்பாளரிடம் போய்ச் சேர வழி செய்துகொடுத்தது அந்தப் படிவம். கணவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். நானும் சிரித்தேன். அடுத்த இரண்டு மாதம் எதையும் பதிவேற்றவில்லை. தணிக்கை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு வருடங்கள் பிடித்தன.

பெயரும் பட்டாவும் பெண்ணிடமே இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. ஹெதர் ஆம்ஸ்ட்ராங் 2001இல் டூஸ் டாட் காம் தொடங்கினார். அலுவலகத்தைப்பற்றி அதில் எழுதியதற்காக மறுவருடம் வேலை போனது. எழுதி வேலை இழப்பதற்கே அவர் தளத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாயிற்று. பிறகு பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வைப்பற்றி அவர் வெளிப்படையாக எழுதியதை லட்சக்கணக்கான தாய்மார்கள் வாசித்தார்கள். தனக்கு வந்த வசை மடல்களைத் தனிப் பக்கத்தில் போட்டு, சுற்றிலும் விளம்பரம் வைத்து, அந்த வெறுப்பிலிருந்தே காசு பார்த்தார். அந்தத் துணிச்சலை ரசிக்கிறேன். விளம்பரதாரர் உள்ளே வந்தபிறகு சமையலறையும் குழந்தையும் பண்டமான இடத்தில் எனக்கு விமர்சனம் உண்டு. 2023இல் அவர் இறந்தார். அவருடைய எழுத்தின்மீது அவருக்கு இருந்த பிடி எனக்கு 2009இல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது வேறு முகவரி. என் பெயர், என் கார்டு, என் மின்னஞ்சல். வருடாவருடம் மார்ச் மாதத்தில், வருமானவரிக் கணக்குப் போடும் நாளிலேயே கட்டிவிடுகிறேன். வங்கிப் படிவத்தில் வாரிசு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. இந்தப் படிவத்தில் இல்லை. கடவுச்சொல்லை ஒரு உறையில் போட்டு மகளிடம் கொடுத்தேன். "எதுக்கும்மா இப்ப?" என்றாள். வாங்கி அலமாரியில் வைத்தாள்.

பழைய முகவரியை மீட்க முயன்றேன். கேட்ட தொகை என் நான்கு மாதச் சம்பளம். விட்டுவிட்டேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் மூன்று எம்.ஃபில். ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் அந்த முகவரி இருக்கிறது. போன வாரம் அவற்றை எடுத்து, ரம்மிக்குப் போகும் வரிக்கு மேலே பென்சிலால் புதிய முகவரியை எழுதிவைத்தேன். நூலகர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.