வில்லங்கம் எண் 22

அனுபவம் இருந்தால்தான் வேலை. வேலை பார்த்தால்தான் அனுபவம். இந்த மாதிரிச் சங்கடத்தை இங்கிலீஷ் பேசுகிறவர்கள் 'கேட்ச் 22' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அந்த நாவலைத் தொட்டும் பார்க்காதவர்கள்கூடச் சொல்லுகிறார்கள். புஸ்தகத் தலைப்பு அகராதியில் ஏறிவிடுவது எந்த நாவலாசிரியனுக்கும் பாக்கியம்தான். ஆனால் அந்தப் பாக்கியத்தில் நாவலுக்குக் கொஞ்சம் நஷ்டமும் நேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜோசப் ஹெல்லர் இரண்டாவது மகாயுத்தத்தில் குண்டு வீசும் விமானத்தில் 60 தடவை பறந்தவர். 1955-ல் முதல் அத்தியாயம் ஒரு தொகுப்பில் வெளியானபோது எண் 18 என்றுதான் இருந்தது. லியான் யூரிஸின் 'மிலா 18' என்ற நாவலும் 1961-லேயே வந்ததால் இவருடையது 22 ஆயிற்று.

எண் கிடக்கட்டும், வில்லங்கத்தைப் பாருங்கள். பைத்தியம் பிடித்தவனைப் பறக்க அனுப்பக் கூடாது. ஆனால் விலக்கு வேண்டுமென்று அவனே வந்து கேட்க வேண்டும். கேட்டுவிட்டானோ, உயிர்மேல் ஆசை இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஏற்பட்டுவிடும். போய்ப் பறக்க வேண்டியதுதான்!

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் பாட்டிமார் சொன்னதுதானே இது என்று கேட்கலாம். இல்லை. நம் பழமொழியில் குற்றவாளி என்று யாரும் கிடையாது. இருதலைக் கொள்ளி எறும்புக்கும் அப்படியே. கொள்ளியை யார் பற்றவைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. ஹெல்லரிடம் பற்றவைத்தவன் இருக்கிறான். பறக்க வேண்டிய தடவைகளைக் கர்னல் உயர்த்திக்கொண்டே போகிறான். அதில் அவனுக்கு மேலிடத்தில் நல்ல பெயர்.

நாவலின் கடைசிப் பகுதியில் கதாநாயகன் யோசேரியன் ரோமில் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போகிறான். அங்கிருந்த பெண்களையெல்லாம் ராணுவப் போலீஸ் அடித்துத் துரத்திவிட்டது. ஒரு கிழவி மட்டும் மிச்சம். எந்தச் சட்டப்படி என்று கேட்கிறான். கேட்ச் 22. அதைக் காட்டினார்களா? காட்ட வேண்டியதில்லையாம். நம்மால் தடுக்க முடியாத எதையும் அவர்கள் செய்யலாம் என்பதுதான் கிழவிக்குப் புரிந்த சட்டம். அப்படி ஒரு விதியே கிடையாது என்று யோசேரியனுக்குத் தெரியும். தெரிந்து என்ன? எல்லோரும் நம்புகிறார்கள். கிழித்துப்போட ஒரு காகிதம்கூட இல்லை.

ஹெல்லர் ஒரே ஹாஸ்யத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அலுப்புத் தட்டச் செய்கிறார் என்பது உண்மை. பாதியில் சிரித்து மூடிவைத்தவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். மூக்குக் கண்ணாடியைத் தேட மூக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது என்பதற்கெல்லாம் இந்தப் பெயரைச் சொல்லுகிறவர்கள் அவர்கள்தாம். ரோம் வரை போனவனுக்கு நாக்குக் கூசும்.