கங்காணியின் கணக்கேடு

வெறுங்கையோடு கடல் கடந்து சென்று செல்வர்களான தமிழரைப் போற்றும் நூல்களையும் மலர்களையும் நாம் நிறையப் படித்திருக்கிறோம். உழைப்பு, சிக்கனம், தெய்வபக்தி என்று அவை காரணம் கூறும். இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை நினைத்துக்கொண்டு படித்தால் ஒரு கேள்வி எழுகிறது. அதே ஊரிலிருந்து அதே வழியில் வந்து, அதே சிக்கனத்தோடு ரப்பர் பால் வெட்டியவன் மட்டும் ஏன் லயத்து அறையிலேயே தங்கிவிட்டான்?

விடையைக் கணக்கேட்டில்தான் தேட வேண்டும். தன் ஆள் ஒருவர் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் பெரிய கங்காணி ‘பென்ஸ் காசு’ பெற்றான். வழிச்செலவுக்குத் தந்த முன்பணமோ தொழிலாளியின் பெயரில் கடனாக நின்றது. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் அவன் வேறு தோட்டம் போக முடியாது. அங்கும் கடன் அவன் கூடவே போயிற்று. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அதற்குள் கங்காணிகள் சிலருக்கு நிலமும் கடையும் சேர்ந்துவிட்டன.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் இந்த ஏற்றத்தாழ்வுக்கு முத்திரை குத்தியது. நெடுநாள் வசித்ததற்குச் சான்று வேண்டும், நிலையான வருவாய் வேண்டும் என்றது அது. கடைக்காரனிடம் ரசீதும் பேரேடும் இருந்தன. பால்வெட்டுக்காரனிடம் என்ன இருந்தது? எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது.

நம் இலக்கியம் இதை எவ்வாறு கண்டது? சி. வி. வேலுப்பிள்ளையும், ‘தூரத்துப் பச்சை’ தந்த கோகிலம் சுப்பையாவும் தேயிலை மலையின் துயரை உலகறியச் செய்தனர். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் ரப்பர் நிழலுக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. இரத்தினபுரியோ மழைக்குப் பேர்போன சீமை. அந்நாளில் லயத்து அடுப்பு எப்படி எரிந்தது என்பதை எழுத யார் வந்தார்கள்?

மற்றொரு குறையும் உண்டு. கங்காணியைக் கொடியவனாகத் தீட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பல கதாசிரியர்கள் எண்ணுகிறார்கள். (மீசை வருணனைக்கே ஒரு பக்கம் போய்விடுகிறது!) அவன் பரம சாதுவாக இருந்திருந்தாலும் பென்ஸ் காசு அதே வாய்க்காலில்தான் ஓடியிருக்கும். அந்த வாய்க்காலைக் காட்டும் கதையே நமக்கு வேண்டும்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. கேகாலையின் உருளவள்ளித் தோட்டத்தை அரசு குடியேற்றத்துக்காக எடுத்துக்கொண்டு, தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள், அத்துமீறியவர்கள் என்று வழக்குத் தொடரப்பட்டது. 1946இல் அவர்களுக்காகப் பிற தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அந்த லயங்களில் பணக்காரனான எவனும் இல்லை; மலர் வெளியிடவும் எவரும் இல்லை.