களிமண் நாயின் புருவம்

கிராமிட் என்ற களிமண் நாய்க்கு வாய் கிடையாது. அது பேசாது, சிரிக்கவும் முடியாது. கண்களுக்கு மேலே ப்ளாஸ்டிசின் களிமண்ணில் பிடித்து வைத்த தடித்த புருவம் ஒன்றுதான் அதன் சொத்து. அந்தப் புருவம் நூலளவு மேலேறினால் சந்தேகம். ஓரம் சரிந்தால் மனவருத்தம். நடுவில் மடிந்து இறங்கினால், ‘இந்த மனுஷனோடு இன்னும் எத்தனை நாள்?’ என்கிற சலிப்பு. நான்கு வயதுப் பேரனுக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் அது ஒன்றுபோலப் புரிகிறது.

நிக் பார்க் 1982-ல் இங்கிலாந்தில் திரைப்பட மாணவராக இருந்தபோது ‘எ கிராண்ட் டே அவுட்’ என்ற 23 நிமிடப் படத்தைத் தொடங்கினார். அது முடிந்தது 1989-ல். அதில் வரும் கிராமிட்டைப் பேச வைக்கும் எண்ணம்தான் அவருக்கு முதலில் இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் எடுத்த ஒரு காட்சியில், எஜமான் வாலஸ் கதவுப் பலகையை ரம்பத்தால் அறுக்கிறார். பலகைக்கு முட்டுக்கொடுத்து நிற்பது கிராமிட். அந்த இடுக்கில் விரலை விட்டு வாயை அசைப்பது பெரும்பாடு. புருவத்தை மட்டும் தள்ளிப் பார்த்தார் பார்க். வேண்டியதெல்லாம் வந்துவிட்டது.

ஸ்டாப் மோஷன் என்பது இதுதான். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். திரையில் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஒவ்வொரு நிலையையும் இரண்டிரண்டு ஃப்ரேம் எடுப்பது வழக்கம் என்பதால், விநாடிக்கு 12 தடவை கை பொம்மையைத் தொட்டாக வேண்டும். ஏழு நிமிடக் குறும்படம் என்றால் 5,040 தடவை. ஓர் அனிமேட்டர் நாள் முழுக்க வேலை பார்த்துச் சில விநாடிகளை எடுத்தாலே நல்ல நாள்தான்.

கணக்கைக் கேட்டு மலைப்பது வேறு, படத்தை ரசிப்பது வேறு. ரசிக்க வேண்டுமானால் ஒரு படத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை குழந்தைகளோடு உட்கார்ந்து, எதையும் விளக்காமல், கதைக்காக மட்டும். இரண்டாம் தடவை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி.

அப்படி நிறுத்திப் பார்க்கத் தகுந்த படம் நிக் பார்க்கின் ‘தி ராங் ட்ரவுசர்ஸ்’. 1993-ல் வந்தது, அரை மணி நேரம் ஓடும், ஆஸ்கர் பெற்றது. முதலில் வாலஸின் கன்னத்தைப் பாருங்கள். அவர் பேசும்போது முகத்தின் மேற்பரப்பு லேசாக நெளியும். ஆங்காங்கே விரல்ரேகை தெரியும். இதைக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. குயவரின் விரல்தடம் பதிந்த பானையைப் போல, ஒரு மனிதர் தொட்டுத் தொட்டுச் செய்ததற்கான சாட்சி அது. பளிங்குபோல வழவழப்பான கணினிப் படங்களில் இந்தச் சுகம் கிடைப்பதில்லை.

அடுத்து, அசையாமல் இருப்பதைப் பார்க்க வேண்டும். வாலஸின் வீட்டுக்கு ஃபெதர்ஸ் மெக்ரா என்கிற பென்குவின் வாடகைக்கு வருகிறது. அதற்குப் புருவமும் இல்லை. இரண்டு கருமணிக் கண்கள், வழவழப்பான உடம்பு, அவ்வளவே. அது நிற்கிறது, திரும்புகிறது, எப்போதாவது கண் சிமிட்டுகிறது. தலையில் சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கோழி வேஷம் போடும்போது குழந்தைகள் சிரிப்பார்கள்; கையுறையைக் கழற்றி அது வெறுமனே பார்க்கும்போது கப்சிப் ஆகிவிடுவார்கள். எல்லாவற்றையும் அசைக்கத் தெரிந்த கலைஞர், எதை அசைக்காமல் விட்டார் என்பதில்தான் தேர்ச்சி தெரிகிறது. கிராமிட்டின் ஓயாத புருவத்தையும் இந்தப் பென்குவினின் வெறும் முகத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நடிப்பைப் பற்றி ஒரு பாடமே கிடைத்துவிடும்.

கடைசியில் வரும் ரயில் துரத்தல். வீட்டுக்குள் ஓடும் பொம்மை ரயில் அது. தண்டவாளம் தீரப் போகிறது. கிராமிட் பெட்டியிலிருந்து உதிரித் தண்டவாளங்களை எடுத்து, ஓடுகிற ரயிலுக்கு முன்னால் தானே போட்டுக்கொண்டு போகிறது. சுவர்க் காகிதம் கோடு கோடாக இழுபட்டுப் பின்னால் பாய்கிறது. இங்கே ஒரு ஃப்ரேமை நிறுத்துங்கள். பொம்மைகள் தெளிவாக நிற்கின்றன, சுவர் மட்டும் கோடுகளாக மங்கியிருக்கிறது. வேகம் அந்த மங்கலில்தான் இருக்கிறது. துரத்தல் காட்சிகளில் இதைவிடச் சிறந்ததைச் சொல்லச் சொன்னால், பெரிய பட்ஜெட் படங்களிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆங்கிலம் தடையாக இருக்கிற வீடுகளுக்கு ‘ஷான் தி ஷீப்’ ஏற்றது. 2007-ல் தொடங்கிய இந்தத் தொடரில் வசனமே கிடையாது. பண்ணைக்காரர்கூட முணுமுணுப்பதோடு சரி. சுவிட்சர்லாந்தின் ‘பிங்கு’ இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு. அதில் பென்குவின்கள் எந்த நாட்டிலும் இல்லாத ஒரு மொழியில் பேசுகின்றன.

களிமண் இல்லாமலும் இந்தக் கலை நடக்கும். அமெரிக்கக் கலைஞர் பெஸ் எடுத்த ‘ஃப்ரெஷ் குவாக்கமோலி’ (2012) இரண்டு நிமிடம்கூட ஓடாது. மெக்ஸிகோவின் அவகாடோத் துவையலைச் செய்து காட்டும் சமையல் படம். ஆனால் கத்தி பிளக்கும் அவகாடோ ஒரு கையெறி குண்டு; வெங்காயத்துக்குப் பதில் பேஸ்பால் பந்து, அது வெட்ட வெட்டத் தாயக்கட்டைகளாக உதிர்கிறது. இந்தப் படத்தைக் காதாலும் பார்க்க வேண்டும். பலகையில் கத்தி விழும் ஓசைதான் பொய்யை மெய்யாக்குகிறது.

கனடாவின் நார்மன் மெக்லாரன் 1957-ல் எடுத்த ‘எ சேரி டேல்’ படத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்து புத்தகம் படிக்கப் போகிறார். நாற்காலி விலகி ஓடுகிறது. துரத்தல், கெஞ்சல், கோபம் எல்லாம் ஆன பிறகு, அவர் நாற்காலியைத் தன்மேல் உட்கார வைக்கிறார்; பிறகுதான் அது அவரை உட்கார விடுகிறது. பத்து நிமிடப் படம். பின்னணியில் ரவிசங்கரின் சிதார், சதுர்லாலின் தபலா. நாற்காலியின் பிடிவாதத்துக்கு முகமில்லை. அந்த வேலையைத் தபலா செய்கிறது.

நம் நாட்டுப் படம் ஒன்றும் பட்டியலில் இருக்க வேண்டும். சுரேஷ் எரியாட்டின் ஈக்ஸாரஸ் ஸ்டூடியோ எடுத்த ‘டோக்ரி’ (2017). அப்பாவின் கடிகாரத்தைத் தெரியாமல் உடைத்துவிட்ட சிறுமி, அதைச் சரிசெய்யக் காசு சேர்க்க மும்பைத் தெருவில் கூடை விற்கப் போகிறாள். அழ வைக்கும் படம். குழந்தைகளோடு சேர்ந்து அழுவதும் நல்லதுதான். சூசி டெம்பிள்டனின் ‘பீட்டர் அண்ட் தி வுல்ஃப்’ (2006) அழகானது என்றாலும், ஓநாய் வாத்தைப் பிடிக்கும் இடம் சின்னக் குழந்தைகளுக்குத் தாங்காது. எட்டு வயதுக்குப் பிறகு காட்டலாம்.

இத்தனையும் பார்த்த வீட்டில் குழந்தை அடுத்து கேட்பது, ‘நாமும் எடுக்கலாமா?’ என்பதுதான். தாராளமாக எடுக்கலாம். செல்போனைப் புத்தக அடுக்கில் அசையாமல் சாய்த்து வையுங்கள். மேகம் நகர்ந்தால் வெளிச்சம் மாறிப் படம் மினுமினுக்கும். அதனால் ஜன்னலைச் சாத்தி, ஒரே விளக்கை எரியவிடுங்கள். மேஜைமேல் நான்கு புளியங்கொட்டைகள் போதும். ஐந்து விநாடிப் படத்துக்கு அறுபது தடவை நகர்த்த வேண்டும். பத்தாவது தடவையிலேயே எந்தக் கொட்டைக்கு என்ன குணம் என்று குழந்தை சொல்ல ஆரம்பித்துவிடும்.