மூல ஓலையும் பழங்கற்படியும்: தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் இரண்டு அடுக்குகள்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி, இரண்டு சுவர்களுக்கு நடுவே இருண்ட சுற்றுவழி ஒன்று உள்ளது. கட்டடக்கலை நூல்கள் இதனைச் சாந்தாரம் என்று குறிப்பிடும். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி இங்குள்ள ஓவியங்களைப் பார்வையிட்டபோது, நாயக்கர் காலப் பூச்சு உதிர்ந்திருந்த இடங்களில் அதற்கடியில் வேறொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். 1010-இல் முற்றுப்பெற்ற கோயிலின் முதல் ஓவியங்கள் அவை. அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் இவற்றின் செய்முறையை ஆராய்ந்து, ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரையப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார்.

இந்தக் கண்டுபிடிப்பு தமிழில் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சொல்லப்படுகிறது: சோழர் வரைந்தனர், நாயக்கர் மறைத்தனர், ஆய்வாளர் மீட்டனர். சொல்வதற்கு எளிது, மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் 'மறைத்தனர்' என்ற சொல்லுக்குச் சுவரில் ஆதாரம் இல்லை. ஆறு நூற்றாண்டுகள் விளக்குப் புகையும் ஈரமும் பட்ட சுவரை, வழிபாட்டில் இருக்கும் கோயிலில், புதுப்பூச்சுப் பூசி மறுபடி வரைவது வழக்கமான திருப்பணியே. அந்தப் பூச்சு கீழே இருந்ததை மூடியது மட்டுமல்ல, அடுத்த சில நூற்றாண்டுகளின் புகையிலிருந்து காத்தும் நின்றது. நாயக்கர் அந்தச் சுவரைத் தொடாமல் விட்டிருந்தால் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது ஐயமே.

சுவரில் ஒரு வழக்கு

மேற்குச் சுவரில் உள்ள சுந்தரர் வரலாறு இவ்வோவியங்களுள் மிகுதியாகப் பேசப்படுவது. மேலே கயிலையில் சிவன் அமர்ந்திருக்கிறார். அங்கு நோக்கிச் சுந்தரர் யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் விரைகின்றனர். கீழே திருமண வீட்டின் சமையல் வேலை நடக்கிறது. அதை அடுத்துக் குடையும் ஓலையுமாக ஒரு முதியவர், அவருக்கு எதிரே திருவெண்ணெய்நல்லூர் அவையினர்.

ஓவியத்தில் நடப்பது ஓர் ஆவண வழக்கு. பெரியபுராணம் இதனை விரித்துச் சொல்கிறது. மணக்கோலத்தில் இருக்கும் இளைஞனைத் தன் அடிமை என்று உரிமை கோரி முதியவர் ஓலை காட்டுகிறார். இளைஞன் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறான். கிழிபட்டது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று முதியவர் அவையில் சொல்கிறார். அவையினர் அதை வாங்கிப் படித்து, பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்கின்றனர். படி அழிந்தாலும் மூலம் வேறிடத்தில் இருக்கவேண்டும், அதன் மெய்ம்மையை மூன்றாவது ஆவணம் ஒன்றைக் கொண்டு சோதிக்கவேண்டும் என்ற நடைமுறை சோழ நாட்டு அவைகளுக்குப் புதிதன்று என்பதை இக்காட்சி காட்டுகிறது.

இங்கே ஒரு பிழை தொடர்ந்து நிகழ்கிறது. மாணவர் கட்டுரைகளும் வழிகாட்டி நூல்களும் இதனைப் 'பெரியபுராணக் காட்சி' என்று எழுதுகின்றன. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர் (1133-1150). ஓவியமோ அவருக்கு நூறாண்டுக்கும் மேல் முந்தையது. ஆகவே ஓவியன் பெரியபுராணத்தைப் படித்து வரைந்திருக்க இயலாது. சுந்தரரின் தேவாரக் குறிப்புகளும், நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி தரும் சுருக்கமான செய்தியும், மக்களிடையே வழங்கிய கதையுமே அவனுக்கு அடிப்படையாக இருந்திருக்க முடியும். கதையின் முந்தைய வடிவம் சுவரிலும் பிந்தைய வடிவம் நூலிலும் இருக்க, நாம் நூலைக் கொண்டு சுவருக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஓவியத்தில் உள்ளவை எவை, சேக்கிழாரிடமிருந்து நாம் கொண்டுவந்து சேர்ப்பவை எவை என்று பிரித்து எழுதும் கட்டுரைகள் குறைவு. இராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்று பெயரிடப்பட்டுப் பாடநூல்கள் வரை சென்றுவிட்ட ஓவியத்துக்கும் இது பொருந்தும். கருவூர்த் தேவர் இக்கோயிலைப் பாடியவர் என்பது உண்மை. அந்த இருவரும் இவர்களே என்பது ஊகம்.

பழங்கற்படி

மாற்றியமைப்பதும் பழையதைப் பதிவுசெய்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதைக் காவிரிக் கரைக் கோயில்களே காட்டுகின்றன. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கட்டடத்தில் இருந்த கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவ்வாறு வெட்டியவற்றில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியிலும் இதே முறை கையாளப்பட்டது. இராஜராஜன் காலத்தில் விமானத்தைப் பிரித்துக் கட்டுமுன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிவைத்து, இராஜேந்திரன் காலத்தில் மறுபடி பொறித்தனர்.

அந்தச் சிறு குறிப்பு செய்யும் வேலை பெரியது. எழுத்தமைதி ஒரு காலத்தையும் செய்தியில் வரும் அரசன் பெயர் வேறொரு காலத்தையும் காட்டும்போது கல்வெட்டாய்வாளர் குழம்பாமல் இருக்க அது உதவுகிறது. நிலக்கொடையை இழக்காமல் இருப்பதே அதை வெட்டியவர்களின் நோக்கம். வரலாற்றுக்கு ஆதாரம் வைப்பது அவர்கள் எண்ணத்தில் இருந்திருக்காது. ஆனாலும் 'மாற்றியிருக்கிறோம், பழையது இது' என்ற இரண்டையும் அவர்கள் சொல்லிவிட்டனர்.

ஓவியத்தில் அத்தகைய குறிப்பு இல்லை. நாயக்கர் கால ஓவியர் பழைய படத்தைப் படியெடுக்கவில்லை. தம் காலத்துப் படத்தை வரைந்தனர். இருபதாம் நூற்றாண்டு அதே சுவரில் எதிர்த்திசையில் வேலை செய்தது. மேலடுக்கு தடையாகவும், கீழடுக்கு செல்வமாகவும் பார்க்கப்பட்டது. பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு மேலடுக்கைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தும் முறையைக் கையாண்டது. நாயக்கர் கால ஓவியங்கள் 16 இவ்வாறு காப்பாற்றப்பட்டன. இது பாராட்டத்தக்க பணி. ஆயினும் பலகைக்கு வந்த ஓவியம் தன் சுவரை இழந்துவிடுகிறது. எந்தக் காட்சிக்கு மேல் எந்தக் காட்சி வந்தது, சுந்தரர் வழக்கை மூடிய சுவரில் நாயக்கர் எதை வரைந்தனர் என்பது கலை வரலாற்றுக்கு முதன்மையான கேள்வி. சோழர் ஓவியங்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் அந்தக் கேள்வி எழுப்பப்படுவதே அரிது.

மேலடுக்கை அகற்றாமலே கீழடுக்கைப் படிக்கும் வழிகளும் உண்டு. 1229-இல் ஒரு கிரேக்கத் துறவி ஆர்க்கிமிடீசின் நூல் இருந்த தோல் ஏட்டைச் சுரண்டி, அதன் மேல் வழிபாட்டு உரையை எழுதினார். 1998-க்குப் பின் அமெரிக்காவில் அந்த ஏடு பல அலைநீள ஒளிகளில் படமெடுக்கப்பட்டு, மேலெழுத்து அழியாமலே கீழெழுத்து படிக்கப்பட்டது. மெல்லிய தோலுக்குப் பொருந்தியது கனத்த சுண்ணாம்புப் பூச்சுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த ஆய்வாளர்கள் வழிபாட்டு உரையையும் ஆவணமாகக் கருதினர் என்பது கவனிக்கத்தக்கது.

பெரிய கோயிலுக்கு வருவோர் பலர் அங்குள்ள எல்லாவற்றையும் இராஜராஜனுக்கே கொடுத்துவிடுகின்றனர். பெரிய நந்தியும் சுப்பிரமணியர் கோயிலும் நாயக்கர் காலத்தவை. திருச்சுற்றில் மராட்டியர் 1803-இல் பொறித்த நீண்ட மராத்திக் கல்வெட்டும் இருக்கிறது. சாந்தாரத்தினுள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லாததால், அங்குள்ள ஓவியங்களைப் பெரும்பாலோர் நிழற்படங்களில் மட்டுமே அறிவர். அப்படங்களில் அதிகம் அச்சாவது கீழடுக்கே. சுற்றுவழியின் சில பகுதிகளில் நாயக்கர் பூச்சு இன்னும் சுவரிலேயே இருக்கிறது. அதற்கடியில் உள்ளவை இதுவரை திறக்கப்படவில்லை.